திருப்பூரில் அறிமுகமும் கடனும்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் வளர்ச்சிக்கு முதலாளிகளிடையே உள்ள நெருக்கமே காரணம் என்பது பாதி உண்மைதான். நிட்டிங், சாயம், காஜா பட்டன் என ஒவ்வொரு வேலையும் கூலிக்குச் செய்து தரும் தனித்தனி ஜாப்ஒர்க் யூனிட்டுகளில் நடக்கும் ஊரில், தெரிந்தவருக்கு நூல் கடனாகக் கிடைக்கும்; புதியவர் ரொக்கத்தை வைத்தாக வேண்டும். ஆயினும், உள்ளூர்ச் சமூகத் தொடர்பால் கூடுதல் மூலதனத்துடன் தொடங்கியவற்றைவிட, குறைந்த முதலுடன் வந்த வெளியாரின் நிறுவனங்களே வேகமாக வளர்ந்தன என்று பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சிறு நிறுவனங்களிடம் பொருளோ சேவையோ பெற்றவர்கள் 45 நாட்களுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் சொன்னாலும், அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்ற அச்சத்தில் பலர் புகார் செய்வதில்லை. எனவே வங்கிகள் சொத்துப் பத்திரத்தையும் சிபாரிசையும் பார்ப்பதைக் குறைத்து, ஜிஎஸ்டி பதிவுகளையும் பில்களையும் கொண்டு கடன் வழங்க முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், அவிநாசி