பெரிய வள்ளம் தேடுகிறோம்

அன்பு மச்சான்,

இங்கே எல்லாரும் சுகம். மாமிக்குக் கால்நோ குறைந்துவிட்டதாகத் தங்கச்சி சொன்னாள், சந்தோசம். கட்டையன் ஒருவழியாகக் கலியாணத்துக்குத் தலையாட்டிவிட்டானாமே? பழைய பந்தயப்படி மாப்பிள்ளைத் தோழன் நீதான், இனித் தப்ப முடியாது.

விசயத்துக்கு வருகிறேன். எங்கள் பாய்வள்ளத்தை விற்கப்போகிறோம்.

மூன்றாவது வந்த பிறகு அந்த 27 அடிக்குள் ஐந்து பேர் படுக்க வழியில்லை. மூத்தவன் காலை நீட்டினால் அலமாரியில் இடிக்கிறது. நடுவிலாள் பாய்ப் பைகளுக்கு மேலே தூங்குகிறாள். கைக்குழந்தைக்கு இடமே இல்லை. மழை பெய்து எல்லாரும் உள்ளே வந்துவிட்டால் ஒருவர் எழும்ப மற்றவர் இருக்கவேணும். அதனால் பனிக்காலம் தொடங்கியதிலிருந்து பெரியதொரு பழைய வள்ளம் தேடுகிறேன். மனம் முழுக்க இதுதான்.

உனக்கு ஏரி என்றால் இளக்காரம். வல்வெட்டித்துறைக் கடலில் நீந்தியவனுக்கு ஒன்ராறியோ ஏரி குளம்தான் என்று போனமுறையும் சிரித்தாய். இந்தக் குளத்தின் ஆழம் 244 மீற்றர். ரொறன்ரோவிலிருந்து நயாகரா ஆற்று வாய்க்குக் கிட்டத்தட்ட 30 கடல் மைல். ஜூன் தொடக்கத்தில்கூட விழுந்தவனின் கைகால் சில நிமிசத்தில் விறைத்துப்போகும். வந்து பார், பிறகு சிரி.

பழைய வள்ளம் வாங்க இதைவிட நல்ல ஊர் கிடையாது. 70களிலும் 80களிலும் இந்தக் கரையைச் சுற்றித்தான் வள்ளக் கம்பனிகள் இருந்தன: நயாகரா-ஒன்-த-லேக்கில் சி அன்ட் சி, சென் கத்தரின்சில் ஹின்ரர்ஹோலர், அல்பேர்க் 30 கட்டிய விற்பி, பிரம்ரனில் சி.எஸ். பைபர்கிளாஸ் உக்காது. உப்புத் தண்ணீரும் இல்லை. நாற்பது வயது வள்ளங்கள் இன்னும் பந்தயம் ஓடுகின்றன. ஒக்ரோபரில் எல்லாவற்றையும் கரைக்குத் தூக்கி இரும்புத் தாங்கியில் வைத்துவிடுவார்கள், மே வரை அப்படியே நிற்கும். வாங்குகிறவனுக்கு அது பெரிய வசதி. அடி, அதன் கீழே நீட்டி நிற்கும் ஏரா, சுக்கான் எல்லாவற்றையும் கையால் தடவிப் பார்க்கலாம்.

நான் பயப்படுவது மேல்தட்டுக்கு. இரண்டு பைபர்கிளாஸ் தோலுக்கு நடுவே பால்சா மரத்தை வைத்துக் கட்டியிருப்பார்கள். பாரமில்லை, உறுதி, காலுக்கு வளையாது. ஆனால் பக்கக் கம்பித்தூணும் கயிறு இழுக்கும் வின்ச்சும் பூட்டிய ஆணித் துளைகளில் அடைத்த பசை வருசங்கள் போகக் காய்ந்துவிடும். துளை வழியே தண்ணீர் இறங்கும். இங்கத்தைய குளிரில் அந்தத் தண்ணீர் உறைந்து விரியும், தோலையும் மரத்தையும் பிரிக்கும், அடுத்த கோடையில் இன்னும் உள்ளே போகும். கடைசியில் மரம் ஈரக் களியாகிவிடும், மேலே வெள்ளை வண்ணம் பளபளத்தபடி இருக்கும். நவம்பரில் 35 அடி வள்ளமொன்றைப் பார்த்தோம். உள்ளே தேக்கு வேலை, புதுப் பாய்கள், விலையும் மலிவு. இவளுக்கு மனம் நிறைந்துவிட்டது. பாய்மரத்தடியில் சுத்தியலின் பிடியால் தட்டினேன். ‘டக்’கென்று வரவேண்டிய இடத்தில் ‘தொப்’பென்று வந்தது, முன்னுக்கு அணியம் வரைக்கும். அதைத் திறந்து மரம் மாற்றுகிற செலவில் இன்னொரு வள்ளம் வாங்கலாம். திரும்பி வரும்போது காரில் ஒருவரும் பேசவில்லை.

இவளுக்கு அடுத்துப் பிடித்தது 2000க்குப் பிறகு கட்டிய அகலமான ஒன்று. பின்னுக்குக் கடையால் பக்கம் இரண்டு அறை, இரண்டுக்கும் கதவு, பெரிய யன்னல்கள். பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டுக் கதவைச் சாத்தலாம் என்றாள். அதை லேசாக எடுக்காதே மச்சான், கைக்குழந்தை வைத்திருப்பவளுக்குக் கதவு பெரிய விசயம். ஆனால் அந்த அகலத்தில், வள்ளம் சரிந்தால் பிடிக்க ஒரு கைப்பிடி இல்லை. சாய்ந்து ஓடும்போது மூத்தவன் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பறந்துவிடுவான்.

என் கண் 1981ஆம் ஆண்டுச் சி.எஸ். 36 ஒன்றில். அடி முழுக்கக் கனத்த பைபர்கிளாஸ், நடுவில் மரமில்லை. டீசல் இஞ்சின். இப்போதுள்ளதைவிட நீளம் மூன்றில் ஒரு பங்குதான் கூட, எடையோ ஆறாயிரத்துச் சொச்சம் இறாத்தலிலிருந்து 15,500க்குப் போகிறது, இரண்டரை மடங்கு. பாய், கயிறு, நங்கூரம் எல்லாம் அந்த எடைக்கு ஏற்றபடிதான். பாய்மரத்தைப் பிடித்திருக்கிற கம்பிகள் பழசென்றால் காப்புறுதிக்காரரும் மாற்றச் சொல்வார்கள், அதற்கும் காசு வைக்கவேணும்.

காசு கிடக்கட்டும். போன ஓகஸ்டில் கோபேர்க்குக்கு வெளியே நடந்ததை உனக்கு நான் சொல்லவில்லை. மத்தியானம் வரைக்கும் நல்ல சோளகக் காற்று. திடீரென்று மேற்கே கறுத்து, இடியோடு காற்று அடித்தது. இவள் கைக்குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு கீழே இருந்தாள், மற்ற இரண்டும் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. பாயைச் சுருக்க நான் பாய்மரத்தடிக்குப் போகவேண்டி வந்தது, சுக்கானைப் பிடிக்க ஆளில்லை. ஒன்றும் நடக்கவில்லை, துறைமுகத்துக்குள் வந்துவிட்டோம். அன்றிரவு இவள் கேட்டாள்: “பெரிய வள்ளமெண்டா நீங்கள் இன்னும் தூரம் போவியள். நீங்கள் தண்ணிக்குள்ள விழுந்தா நான் பிள்ளையளோட என்ன செய்யிறது?”

அந்தக் கேள்விக்கு மறுமொழி தருகிற வள்ளத்தைத்தான் வாங்குவேன். குடும்பத்தோடு போகிறவன் உண்மையில் தனியாளாகத்தான் ஓட்டுகிறான், மற்ற இரண்டு கைகளும் பிள்ளையிடம். ஆகவே பாய் சுருக்குவது, ஏற்றுவது, இறக்குவது எல்லாம் சுக்கானடியில் இருந்தபடியே ஒருவரால் முடியவேணும். கயிறுகளைப் பின்னுக்குக் கொண்டுவரலாம், அது பெரிய வேலையில்லை. இவளும் தனியே ஓட்டிக் கரைசேர்க்கப் பழகவேணும். மே மாதம் பிள்ளைகளைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு இரண்டு பேரும் பழகப்போகிறோம், சம்மதித்துவிட்டாள். பக்கக் கம்பியெல்லாம் வலை கட்டுவோம், பிள்ளைகளுக்குக் கழுத்துக்குப் பின்னால் பிடி வைத்த மிதவைச் சட்டை.

மூத்தவனுக்கு அன்னபூரணியைப் பற்றிச் சொன்னேன். எங்களூரில் கட்டிய கப்பலை 1938இல் எங்களூர் ஆட்கள் அமெரிக்காவில் குளொஸ்ரர் வரை ஓட்டிக்கொண்டு போனார்கள் என்றதும், “அப்ப நாங்கள் ஏன் நயாகராவோட நிக்கிறம்?” என்கிறான். தாயிடம் இதைச் சொல்லாதே என்று வைத்திருக்கிறேன்.

இப்போது ஒரு உதவி. உன் அப்பு வள்ளம் கட்டும் ஓடாவியாக இருந்த காலத்தில் பலகையைத் தட்டியே உக்கலைப் பிடிப்பார், உனக்கு ஞாபகமிருக்கும். உறைந்துகிடக்கிற ஈரத்தை ஈரமானி சரியாகக் காட்டாது என்பதால் ஏப்ரல் கடைசியில்தான் வள்ளத்தைப் பரிசோதிக்கிற சேர்வேயர் வருகிறார். அதற்கு முன் நானே சி.எஸ்சின் மேல்தட்டு முழுவதையும் தட்டி, ஒலியைப் பதிந்து அனுப்புகிறேன். அப்புவுக்குப் போட்டுக் காட்டு. பைபர்கிளாஸ் தனக்குத் தெரியாது என்பார், விடாதே, கேள். சந்தேகமான இடம் எதுவென்று அவர் சொன்னால் சேர்வேயரை முதலில் அங்கேதான் நிறுத்துவேன்.

பதில் போடு. ஒற்றை வரியில் போடாதே.

உன் மச்சான்,
ஸ்காபுரோ