கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று சொன்னால்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாற்பதைக் கடந்த பெண்களின் உடல்நலம் பற்றித் தங்கள் மகளிர் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். கீரை, நடைப்பயிற்சி, யோகா எல்லாம் சரிதான். ஆனால் ஒரு வரியைத் திருத்தியாக வேண்டும். தீட்டு நின்ற பிறகும் எப்போதாவது லேசாக ரத்தம் படுவது சகஜம் என்று எழுதியிருக்கிறீர்கள். சகஜம் இல்லை. கடைசித் தீட்டு வந்து பன்னிரண்டு மாதம் ஆன பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும், வலியே இல்லாவிட்டாலும், தானாக நின்றுவிட்டாலும், அந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெரும்பாலும் கர்ப்பப்பையின் உள்சவ்வு மெலிந்துபோனதால் வந்ததாக இருக்கும். ஆனால் கர்ப்பப்பைப் புற்று முதலில் காட்டும் அடையாளமும் இதுவே. ஆரம்பத்தில் பிடித்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் உள்வழி ஸ்கேனில் சவ்வின் தடிமன் 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பார்கள். மெல்லியதாக இருந்தும் மறுபடி பட்டால் அப்போதும் எடுக்க வேண்டும். சம்பா அறுப்பு முடியட்டும், பொங்கல் கழியட்டும் என்று தள்ளிப்போடுகிற காரியம் இல்லை இது.

கட்டுரை தொடாமல் விட்ட இடம் ஓ.பி., அதாவது வெளிநோயாளர் பிரிவு. அங்கே மருத்துவருக்கு ஒருவரைப் பார்க்க இரண்டு, மூன்று நிமிடம்தான் கிடைக்கிறது. அதில் "ரொம்பப் படுதும்மா, உடம்பு முடியல" என்று மட்டும் சொன்னால், எதிரே இருப்பவருக்கு ஒன்றும் பிடிபடாது. போதாக்குறைக்குக் கூட வந்த வீட்டுக்காரரோ மாமியாரோ பாதியைச் சொல்லிவிடுவார்கள். பட்டவளுக்குத்தான் கணக்குத் தெரியும், அவள்தான் பேச வேண்டும்.

கணக்கு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சுவரில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரில் பட்ட நாளையெல்லாம் வட்டமிட்டு, ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் அன்று எத்தனை தடவை துணியோ பேடோ மாற்றினோம் என்று எண் போட்டால் போதும். ரத்தக் கட்டி விழுந்தால் ஒரு புள்ளி. மூன்று மாதம் இப்படிக் குறித்த தாளைக் கிழித்துக் கையோடு கொண்டுபோக வேண்டும். ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது, ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டி விழுவது, இரவில் எழுந்து மாற்ற வேண்டி வருவது, இரண்டு தீட்டுக்கு நடுவிலோ தாம்பத்தியத்துக்குப் பிறகோ படுவது, இவற்றில் எது இருந்தாலும் அது வயசுக்கோளாறு இல்லை. மணிக்கொரு பேட் முழுக்க நனைந்து, அது தொடர்ந்து இரண்டு மூன்று மணி நேரம் போனால் காலண்டருக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

நம் ஊர்ப்பக்கத்தில் இந்தக் கணக்கைக் குழப்புவது மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கும், தீட்டைத் தள்ளிப்போடும் மாத்திரை. திருவாரூர் ஆழித்தேர், வேளாங்கண்ணிக் கொடியேற்றம், வீட்டுக் கல்யாணம் என்று போட்டதுபோக, இப்போது நடவுக்கும் போடுகிறார்கள். முழங்கால் சேற்றில் நாள் முழுக்கக் குனிந்து நிற்கிறவளுக்குத் துணி மாற்ற வரப்போரம் மறைவு ஏது? அவளைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அந்த மாத்திரையை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் சேர்த்துவைத்ததுபோல் படும். அதையே புது நோய் என்று நினைத்து ஸ்கேனுக்கு ஓடுவார்கள். மாத்திரை போட்டதை மருத்துவரிடம் சொல்லாவிட்டால் அவரும் அப்படித்தான் நினைப்பார். இதயத்துக்காகச் சாப்பிடும் ரத்தம் இளக்கும் மாத்திரை, எப்போதோ வைத்து எடுக்க மறந்த காப்பர் டி, இவற்றையும் விடாமல் சொல்ல வேண்டும். நாற்பத்தைந்து வயதில் நாள் தள்ளிப்போய்ப் பிறகு பட்டால் கர்ப்பப் பரிசோதனையும் செய்வார்கள். அதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது ஸ்கேன் ரிப்போர்ட். எங்களிடம் கொண்டுவந்து அழுதவர்களில் பாதிப்பேர் கையில் இருந்தது "பல்க்கி யூட்ரஸ்" என்ற இரண்டு சொல். கர்ப்பப்பை கொஞ்சம் பருத்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு மூன்று பிள்ளை பெற்றவர்களுக்கு அப்படி இருப்பது உண்டு. அந்தச் சொல்லை மட்டும் வைத்து ஆபரேஷன் முடிவு செய்ய முடியாது. இன்னொன்று சவ்வுத் தடிமன். முன்பு சொன்ன 4 மில்லிமீட்டர் தீட்டு நின்றவர்களுக்கான அளவு. வந்துகொண்டிருப்பவர்களுக்கு அது நாளுக்கு நாள் மாறும், தீட்டு முடிந்த கையோடு மெல்லியதாகவும் அடுத்தது வரும் நேரத்தில் 12, 14 ஆகவும் இருக்கும். அதனால் தீட்டு முடிந்த சில நாளுக்குள் ஸ்கேன் எடுப்பது நல்லது. கடைசித் தீட்டு வந்த தேதியை ஸ்கேன் சீட்டில் எழுதச் சொல்ல வேண்டும். நார்க்கட்டி (ஃபைப்ராய்டு) என்று வந்தால் எங்கே, எத்தனை சென்டிமீட்டர் என்று கேளுங்கள். சவ்வை உந்திக்கொண்டு உள்ளே இருக்கும் சின்னக் கட்டி நிறையப் படவைக்கும். வெளிப்பக்கம் அதைவிடப் பெரியது இருந்தும் ஒரு தொந்தரவும் தராமல் கிடக்கும். தீட்டு நின்றபின் பெரும்பாலான நார்க்கட்டிகள் சுருங்கிவிடும். அது புற்றாக இருப்பது மிக அரிது.

"கர்ப்பப்பை வாயில் புண் இருக்கிறது, விட்டால் புற்றாகிவிடும், பிள்ளைதான் பெற்றாயிற்றே, எடுத்துவிடலாம்" என்பது இன்னொரு பேச்சு. கர்ப்பப்பை வாயில் சிவந்து தெரிவதெல்லாம் புற்றின் தொடக்கம் இல்லை. சந்தேகம் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அசிட்டிக் அமிலம் தடவி ஒரு நிமிடம் கழித்துப் பார்ப்பார்கள். வெள்ளையாக மாறினால் மேல்பரிசோதனைக்கு அனுப்புவார்கள். முப்பது வயதுக்கு மேல் எல்லாப் பெண்களுக்கும் உரியது இது, செலவும் இல்லை.

ஆபரேஷன் என்று சொல்லிவிட்டால் சீட்டை மடித்துக்கொண்டு வெளியே வராமல் அங்கேயே கேட்க வேண்டியவை உண்டு. என்ன நோய் என்று சீட்டில் எழுதியிருக்கிறதா? நாற்பத்தைந்து தாண்டியவளாக இருந்தால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தாயிற்றா? தைராய்டு பார்த்தாயிற்றா? மாத்திரையோ, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் லூப்போ முயன்று பார்க்கலாமா? ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் மாத்திரை கேட்கவில்லை என்பவர்கள் பலர் நாளுக்கு ஒன்றுதான் போட்டிருப்பார்கள். அது படும் நாளில் மட்டும், சொன்ன வேளையெல்லாம் போட வேண்டியது. ரத்தம் உறைந்து அடைப்பு வந்தவர்களுக்கு ஆகாது. லூப் வைத்த முதல் மூன்று முதல் ஆறு மாதம் திட்டுத்திட்டாகப் படும், பிறகுதான் குறையும். இதை முன்கூட்டிச் சொல்லாததால் இரண்டாம் மாதமே பிடுங்கிவிட்டு "அதுவும் பலிக்கல" என்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, சினைப்பையையும் சேர்த்து எடுப்பீர்களா என்பது. "எல்லாத்தையும் எடுத்தாச்சு" என்று நிம்மதியாகச் சொல்லும் பெண்களுக்குத் தாங்கள் எதை இழந்தோம் என்று தெரிவதில்லை. நாற்பத்தைந்துக்கு முன் இரண்டு சினைப்பையும் போனால் மறுநாளே தீட்டு நின்ற உடம்பு அது. குப்பென்று சூடு ஏறி வேர்த்துக் கொட்டும். எலும்பு சீக்கிரம் தேயும், இதயநோய் அபாயமும் கூடும். நோய்க்காக எடுத்தே தீர வேண்டும் என்றால், பின்னர் ஹார்மோன் மாத்திரை தேவையா என்று அப்போதே பேசிவிட வேண்டும்.

ஆபரேஷனே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. புற்று, மருந்துக்கு அடங்காத பெரும் ரத்தப்போக்கு, வெளியே இறங்கிவிட்ட கர்ப்பப்பை இவற்றுக்கு அதுதான் வைத்தியமாக இருக்கும். ஆனால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கையில் இருப்பது ஆபரேஷனுக்கு ஒரு காரணம் ஆகாது. தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்க மத்திய சுகாதாரத் துறை 2022-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவற்றை மாநிலங்கள் மூன்று மாதத்தில் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இரண்டாவது கருத்துக் கேட்க தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனையும், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரிகளும் இருக்கின்றன. காலண்டர் தாள், ஸ்கேன் ரிப்போர்ட், பழைய சீட்டு எல்லாவற்றையும் எடுத்துப்போனால் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டாம்.

இதற்கிடையே ரத்தம் ஏற வேண்டும். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனாலே சோகைதான். இரும்பு மாத்திரையைக் காபி, டீ குடித்த ஒரு மணி நேரத்துக்குள் போட்டால் பாதி வீண். டிகிரி காபி ஊரில் இதைச் சொல்லிப் பயனில்லை என்றாலும் சொல்லி வைக்கிறோம். கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மலம் கறுத்துப்போவதைக் கண்டு நிறுத்த வேண்டாம். அளவு சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும்.

ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஒன்று. எடுத்த கர்ப்பப்பையைப் பரிசோதித்த பயாப்ஸி ரிப்போர்ட் வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். தையல் காட்டப் போகும்போது அதைக் கேட்டு வாங்கி, சினைப்பை இருக்கிறதா இல்லையா என்று எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரியோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். பத்து வருடம் கழித்து இடுப்பு எலும்போ நெஞ்சோ தொந்தரவு தரும்போது மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்கள் இருவர்,
நீடாமங்கலம், திருவாரூர் மாவட்டம்.