பெயர் பெறாதவர்களுக்கும் ஒரு பத்தி இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒருவர் மறைந்த பிறகு அவரைப் பற்றி நாளிதழில் ஒரு குறிப்பு வர வேண்டுமென்றால், அவர் பதவி வகித்திருக்க வேண்டும், பரிசு வாங்கியிருக்க வேண்டும், அல்லது விபத்தில் இறந்திருக்க வேண்டும். இவை எதுவும் இல்லாமல், சம்பளத்தை வீட்டில் கொடுத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, பெற்றோரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு, அதிகம் பேசாமல் வாழ்ந்து முடித்தவருக்குக் கிடைப்பது கட்டணம் செலுத்தி வெளியிடும் கண்ணீர் அஞ்சலி விளம்பரம் மட்டுமே. என் தந்தை அண்மையில் காலமானபோது நாங்களும் அப்படியொரு விளம்பரம் கொடுத்தோம். ஒரு புகைப்படம், இரண்டு தேதிகள், துயருறும் குடும்பத்தாரின் பெயர்கள். அவர் எப்படி வாழ்ந்தார் என்பதை அதிலிருந்து ஒருவரும் அறிந்திருக்க முடியாது.

இதற்குப் பத்திரிகைகளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். இத்தகைய வாழ்க்கை எழுத்தில் எளிதில் அகப்படுவதில்லை. குடும்பத்தையே கருத்தாகக் கொண்ட ஒருவரின் உழைப்பில் பெரும்பகுதி, கெட்டது எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வதிலேயே கழிந்துவிடுகிறது. கல்விக் கட்டணம் உரிய நாளில் கட்டப்பட்டதால் எந்தப் பிள்ளையும் வகுப்புக்கு வெளியே நிற்கவில்லை; காப்பீட்டுத் தவணை ஒன்றும் தவறாததால் நோய் வந்தபோது யாரிடமும் கையேந்த நேரவில்லை. நடந்ததைச் சொல்லச் செய்தி இருக்கிறது. ஒருவர் நடக்கவிடாமல் தடுத்ததை எந்தச் செய்தியில் சேர்ப்பது?

நம் மரபிலும் இந்தச் சிக்கல் பழையதுதான். போரில் விழுந்த வீரனுக்குக் கல் நடுவதைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு நிலைகளாக வகுத்துச் சொல்கிறது தொல்காப்பியம். வீட்டைக் காத்துக்கொண்டு இருந்துவிட்டவனுக்கு அப்படியொரு வரிசை அங்கே இல்லை. ஆனால் வள்ளுவர் அவனை மறந்துவிடவில்லை. குடிசெயல்வகை என்று 103ஆம் அதிகாரம் முழுவதையும் அவனுக்கே ஒதுக்கினார். தன் குடும்பத்துக்குக் குறை வராமல் மறைத்துக் காப்பவனின் உடம்பு துன்பத்தை வாங்கி வைப்பதற்கே அமைந்த பாத்திரமோ என்று அதில் கேட்கிறார். அந்தக் கேள்வியில் உள்ள பரிவு, நாம் வெளியிடும் எந்த அஞ்சலி வாசகத்திலும் இருப்பதாகத் தெரியவில்லை.

என் தந்தை ஆண்டுதோறும் ஒரு நாட்குறிப்பு எழுதிவந்தார். அவர் மறைந்த பின் அவற்றைப் புரட்டிப் பார்த்தபோது, மனத்தில் இருந்ததை ஏதாவது ஓரிடத்தில் எழுதி வைத்திருப்பார் என்று எதிர்பார்த்தேன். இருந்தவை வேறு. மகளுக்குக் காய்ச்சல், இரவு பத்து மணிக்கு மாத்திரை கொடுத்தாயிற்று. தம்பிக்குப் பணம் அனுப்பியது. அம்மாவின் கண் பரிசோதனைக்கு அடுத்த தேதி. மாடிப் படியில் மூன்றாவது படி ஆடுகிறது. பதவி உயர்வுக்கான ஆணை வந்த நாளில் ஒரே ஒரு வரி: வெளியூர் மாற்றம், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அந்த ஆண்டு என் அக்காவுக்குப் பொதுத்தேர்வு என்பதை நாங்கள்தான் கணக்குப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவர் அந்தக் காரணத்தை நாட்குறிப்பிலும் எழுதவில்லை, எங்களிடமும் சொன்னதில்லை. அடுத்த நாளுக்குரிய பக்கத்தில் மறுபடியும் அந்த மூன்றாவது படி வருகிறது, சரி செய்தாயிற்று என்ற குறிப்போடு.

இப்படிப்பட்டவரைத் தெய்வமாக்கிவிடுவதும் அவரை மறப்பதற்கு ஒரு வழிதான் என்று நினைக்கிறேன். அவருடைய மௌனம் எப்போதும் இனிமையாக இருந்ததில்லை. அவருக்கு எது பிடிக்கும், எது வருத்தும் என்பதை என் தாய் கடைசிவரை ஊகித்துக்கொண்டே இருந்தார். உடல்நலக் குறைவை அவர் மறைத்த மாதங்களை நினைத்தால் எங்களுக்கு இன்றும் கோபம் வருகிறது. அவர் குடும்பத்தைத் தாங்கினார் என்று உறவினர்கள் சொல்லும்போது, அதே வீட்டில் அவருக்கு இணையாக, சம்பளமும் விடுமுறையும் இல்லாமல் உழைத்த என் தாயின் பங்கு அந்த ஒரு வினைச்சொல்லுக்குள் காணாமல் போய்விடுவதையும் சொல்லத்தான் வேண்டும். அமைதியான ஆண்களை நாம் வியப்பதில் பாதியாவது, அமைதியான பெண்களிடம் அதையே கடமை என்று எதிர்பார்ப்பதால் வருவது.

எனவே என் வேண்டுகோள் இது. வாரத்துக்கு ஒரு நாள், பெயர் பெறாத ஒருவரைப் பற்றி அவரை அறிந்தவரே எழுதும் ஒரு பத்தியைத் தங்கள் நாளிதழ் தொடங்க வேண்டும். இது புதிய யோசனை அன்று. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்தவர்களைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் சிறு குறிப்புகளாகத் தொடர்ந்து வெளியிட்டது. அவற்றில் வேலையையும் பட்டத்தையும்விட, அந்த மனிதரின் ஏதாவது ஒரு பழக்கமோ ஆசையோதான் முன்னால் நின்றது. 2020 மே 24 அன்று அதே நாளிதழ், கொரோனாவால் இறந்தவர்களின் பெயர்களை, ஒவ்வொருவருக்கும் ஒரு வரி வீதம், முதல் பக்கம் நிறைய அச்சிட்டது. பிரிட்டனின் கார்டியன் நாளிதழில், வாசகர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களைப் பற்றி எழுதியனுப்பும் இரங்கல் குறிப்புகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. நான் கேட்கும் பத்திக்குப் பெரிய செலவோ நிருபர் படையோ தேவையில்லை. பொறுமையாகத் திருத்தும் ஒரு உதவி ஆசிரியர் போதும்.

அவருடைய திருத்தம்தான் இதில் முக்கியம். துக்கத்தில் இருப்பவர்கள் அடைமொழிகளையே நாடுவார்கள். அன்பானவர், பண்பானவர், எல்லோரிடமும் இனிமையாகப் பழகியவர் என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும். எப்படிப்பட்டவர் என்று கேட்டால் நல்லவர் என்ற பதில்தான் வரும். அவருக்குக் கோபம் வந்தால் என்ன செய்வார், எந்த வேலையை மற்றவர் செய்ய விடமாட்டார், யார் தயக்கமில்லாமல் அவரிடம் கடன் கேட்பார்கள், எதற்காக அவர் கடைசியாகச் சிரித்தார் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு ஆள் எழுந்து வருவார். குறிப்பு இருநூறு சொற்களைத் தாண்ட வேண்டியதில்லை. கட்டணம் வாங்கக் கூடாது, ஏனெனில் வாங்கினால் அது மறுபடியும் விளம்பரமாகிவிடும். எழுதுபவர் இறந்தவருக்கு என்ன உறவு என்பதை அடியில் குறிப்பிட்டால், வாசகரும் அதற்கேற்ப எடுத்துக்கொள்வார்.

தாங்கள் இசைந்தால், என் தந்தையைப் பற்றிய குறிப்பையே முதலாவதாக அனுப்புகிறேன். நான் அறியாமல் ஏதேனும் அடைமொழி நுழைந்திருந்தால் தயங்காமல் நீக்கிவிடுங்கள்; மாடிப் படியை மட்டும் வெட்டிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி