வெளியீட்டு மேடையில் ஒரு மணி நேரம் கேட்கிறோம்

சுங்கை சிப்புட் வட்டாரத்தின் நூல் வெளியீட்டுக் குழுக்கள், ஆலய நிர்வாகங்கள், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஆகியவற்றின் செயலவையினருக்கு,

வணக்கம்.

நம் ஊர் நூல் வெளியீட்டின் நிகழ்ச்சி நிரல் எல்லாருக்கும் மனப்பாடம். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, நூலாய்வு, முதல் நூல் பெறுதல், பொன்னாடை. எழுத்தாளர் ஏற்புரைக்கு எழும்போது சாப்பாட்டு வரிசை தொடங்கியிருக்கும். செம்மையாக்கியவர், மெய்ப்பு பார்த்தவர் (அச்சுப் பிழை திருத்தியவர்), பக்கம் வடிவமைத்தவர், அச்சகத்தார் ஆகியோரை அழைத்திருந்தால் அவர்கள் கடைசி வரிசையில் இருப்பார்கள். பிரமுகர் வருவதற்கு முன் ஒரு மணி நேரத்தை எழுத்தாளருக்கும் இவர்களுக்கும் சேர்த்துக் கொடுங்கள். எப்படிப் படிக்கிறார்கள், எப்படி எழுதுகிறார்கள், கைப்பிரதி எங்கெங்கே மாறியது என்று அவர்கள் பேசட்டும்.

இந்த வேண்டுகோளுக்கு அவசரம் உண்டு. 1924-இல் தொடங்கிய நம் மலேசிய நாளிதழ் ‘தமிழ் நேசன்’ 2019-இல் நின்றுபோனது. ஞாயிறு பக்கங்களில் எழுதிப் பழகியவர்களுக்கு, கதையின் முதல் இரண்டு பத்திகளை வெட்டிவிட்டு அச்சேற்றும் துணையாசிரியரின் கைதான் பள்ளிக்கூடம். அந்தப் பக்கங்கள் குறையக் குறைய, கைப்பிரதி மடிக்கணினியிலிருந்து நேரே அச்சகத்துக்குப் போகிறது. எல்பில், ஹீவுட், டோவன்பி தோட்டங்களின் கதையை எழுத நினைக்கும் இளையவர், ஒரு பக்கம் திருத்தப்படுவதைக் கண்ணால் பார்க்கவே வாய்ப்பில்லை.

முதலில் எழுத்தாளரும் செம்மையாக்குநரும் ஒன்றாக உட்காரட்டும். நூலின் ஒரே பக்கத்தை மூன்று நிலைகளில், முதல் எழுத்து, திருத்தக் குறிகள் போட்டது, அச்சில் வந்தது என்று, ஏ3 தாளில் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டுங்கள். எந்த வரி ஏன் போனது என்பதை இருவரும் மாறி மாறிச் சொன்னால், எழுதுவது பற்றிய பொதுப் பேச்சுக்குத் தேவையே இருக்காது. எழுத்தாளர் தான் படித்த நூல்களின் பட்டியலை ஒப்பிக்க வேண்டாம். பென்சில் கோடு விழுந்த ஒரே ஒரு நூலைக் கொண்டுவந்து, எந்தப் பத்தியில் நின்றார், அதிலிருந்து எதைக் கற்றார் என்று காட்டினால் போதும். செம்மையாக்குநர் கைப்பிரதியை முதல் முறை பென்சில் இல்லாமல் படிப்பார். சலிப்புத் தட்டும் இடம் அப்போதுதான் தெரியும். அதை அவர் வாயாலேயே கேட்க வேண்டும்.

தகவல் சரிபார்ப்பு இந்த ஊருக்கு மிக முக்கியம். 1948 ஜூன் 16-இல் எல்பில், பின் சூன் தோட்டங்களில் நடந்த கொலைகளைத் தொடர்ந்து, கம்யூனிஸ்டுகளை எதிர்த்துப் பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் வந்தது. 1960 ஜூலை 31 வரை நீடித்தது. இந்தக் காலத்தை எழுதும் கைப்பிரதிகளில் ஒரேவகைப் பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. 1947-இல் ஒரு பாத்திரம் அடையாள அட்டையைக் காட்டும். அட்டை வந்ததே அவசரகாலத்தோடுதான். 1955-இல் ஒருவர் ‘மலேசியா’ என்பார். 1963 செப்டம்பர் 16-க்கு முன் அது மலாயா. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், வாழ்ந்த பெரியவர்கள் முன்வரிசையில் இருக்கும்போது இதைப் பேசினால், அடுத்த நூலுக்கான திருத்தங்கள் அங்கேயே கிடைக்கும்.

மெய்ப்பு பார்ப்பவருக்குக் கட்டாயம் நேரம் ஒதுக்குங்கள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பிடிக்க முடியாது. ஒரு சுற்று எழுத்துக்கு: ன-ண, ல-ள-ழ, ர-ற, வல்லினம் மிகும் இடங்கள். இன்னொரு சுற்று தலைப்புகள், பக்க எண்கள், உள்ளடக்கத்தில் உள்ள எண்ணோடு அவை ஒத்துப்போகின்றனவா என்பதற்கு மட்டும். மூன்றாவது சுற்றைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு சொல்லைத் திருத்தினால் பத்தி முழுவதும் வரி நகரும். மெய்யெழுத்து அடுத்த வரியின் தொடக்கத்தில் போய் நிற்கும். திருத்திய பிறகு பக்கத்தை மறுபடி பார்க்காததால்தான் ‘மூன்று முறை பார்த்தோமே’ என்ற வருத்தம் வருகிறது.

பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பை யூனிகோடுக்கு மாற்றும்போது வேறு தொல்லை. கால் போட வேண்டிய இடத்தில் ‘ர’ தட்டியிருந்தால் தாளில் கண்ணுக்குத் தப்பிவிடும். மாற்றிய கோப்பில் ‘காலம்’ ‘கரலம்’ ஆகிவிடும். ‘ஔ’ என்பதை ‘ஒ’, ‘ள’ என்று இரண்டாகத் தட்டியிருப்பார்கள். பின்னர் தேடினால் அந்தச் சொல் கிடைக்காது. பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் ‘வேர்ல்ட்-ரெடி’ பத்தியமைப்பைத் தேர்வு செய்யாவிட்டால் கொம்புகள் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். வடிவமைப்பாளர் திரையில் இதை ஒருமுறை காட்டினால், கோப்பை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று எழுதுகிறவர்களுக்குப் புரிந்துவிடும்.

அச்சகத்தாரிடம் மடிக்காத ஒரு தாளைக் கேட்டு வாங்குங்கள். ஒரு பக்கத்தில் எட்டு, மறுபக்கத்தில் எட்டு, மூன்று மடிப்பில் பதினாறு. முதுகு மடிப்பின் இருபுறமும் அடுத்தடுத்து இருக்கும் இரு பக்க எண்களைக் கூட்டினால் 17 வரும். மாணவர்கள் மடித்துப் பார்க்கட்டும். 150 பக்கக் கைப்பிரதி ஏன் 160 பக்க நூலாகிறது, மிச்சம் பத்துப் பக்கத்தை என்ன செய்வது என்பது அப்போது விளங்கும். சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள தாளின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர், 160 பக்கம் என்றால் 80 தாள், முதுகு 8 மில்லிமீட்டர். அட்டை வரைபவர் இதைக் கேட்காமல் வரைந்தால் நூலின் பெயர் முதுகிலிருந்து நழுவி முன்னட்டைக்கு வந்துவிடும். தாளின் இழையோட்டம் (நார்கள் ஓடும் திசை) முதுகுக்கு இணையாக இல்லையென்றால் நம் ஊர் ஈரக்காற்றில் பக்கங்கள் அலையலையாக நெளியும். நூல் பெட்டிகளைச் சிமென்ட் தரையில் வைக்காதீர்கள்.

பதிப்புரிமைப் பக்கம் பற்றியும் சொல்லியாக வேண்டும். அச்சிட்டவர், பதிப்பித்தவர் பெயரும் முகவரியும் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும் என்பது 1984-ஆம் ஆண்டு அச்சக, வெளியீட்டுச் சட்டம். 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து படிகள் தேசிய நூலகத்துக்குப் போக வேண்டும். வெளியீட்டு நாளில் எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் பிறகு தேடாதீர்கள்.

ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியவை சில. ஞாயிறு காலை ஒன்பதரைக்குத் தொடங்குங்கள். பத்தரைக்குப் பிரமுகர் வரட்டும். பிரமுகருக்குப் பின் வைத்தால் முதலில் வெட்டப்படுவது இதுதான். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். ஒருவருக்குப் பன்னிரண்டு நிமிடம். கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். ஒலிவாங்கி கைமாறினால் கேள்வி உரையாகிவிடுகிறது. ஈப்போவிலிருந்து வருகிறவருக்குப் பெட்ரோல், டோல் செலவைக் கொடுங்கள். பொன்னாடை வாங்கும் தொகையை ஓர் உறையில் போட்டு மெய்ப்பு பார்த்தவரிடம் கொடுத்தால் அவர் மனதார ஏற்றுக்கொள்வார்.

அடுத்த வெளியீட்டின் அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் எங்களுக்குத் தெரிவியுங்கள். நிரலில் இவர்கள் பெயரும் வர வேண்டும். ஏ3 தாள்களையும் மடிக்காத அச்சுத்தாளையும் நாங்கள் கொண்டுவருகிறோம். சுவரில் ஒட்ட இடமும், ஒரு நீளமான மேசையும் போதும்.

அன்புடன்,
சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பதிப்புப் பணி செய்வோர்