செம்பனை நிரைகளுக்குள் ஒரு திறந்த உலகம்: விளையாட்டு உருவாக்கும் இளைஞர்களுக்குத் திறந்த மடல்

மலேசியாவின் பேரா மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் தோட்டப்புறத்தைக் களமாகக் கொண்டு, விந்தை உயிரிகளைத் தேடிப் பிடித்து வளர்க்கும் விளையாட்டு ஒன்றை உருவாக்க முனைந்திருக்கும் இளைஞர் குழுவினருக்கு வணக்கம்.

உங்கள் முன்வரைவைப் படித்தேன். பேரா மாநிலம் முழுவதும் ஒரே வரைபடமாக விரியும் என்றும், முதல் நிமிடத்திலிருந்தே ஆட்டக்காரர் எத்திசையிலும் போகலாம் என்றும், நூற்றுக்கணக்கான உயிரிகள் இருக்கும் என்றும் அதில் எழுதியிருக்கிறீர்கள். தோட்டத்தில் வெளிக்காட்டு வேலைகளை மேற்பார்க்கும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், பிள்ளைகளோடு தொடங்கிப் பேரப்பிள்ளைகள் வரை போக்கிமோன் விளையாட்டுகளை ஆடி வருபவன் என்ற முறையிலும் என் வேண்டுகோள் இதுதான்: வரைபடத்தைச் சுருக்கிவிட்டு, எந்த உயிரி எங்கே, எந்நேரத்தில், எதற்காக இருக்கிறது என்பதில் உங்கள் உழைப்பைக் கொட்டுங்கள்.

1996 பிப்ரவரியில் ஜப்பானில் வெளிவந்த முதல் போக்கிமோன் விளையாட்டுகளில் 151 உயிரிகள்தாம் இருந்தன. சிறுவயதில் தோக்கியோவின் புறநகரான மச்சிடாவில் பூச்சி பிடித்துத் திரிந்த சத்தோஷி தஜிரி, அந்த அனுபவம் பிற்காலப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று எண்ணி அதை உருவாக்கினார். அதில் ஆட்டக்காரர் விரும்பிய இடத்துக்கெல்லாம் போய்விட முடியாது. உரிய ஆற்றல் கிடைக்கும்வரை வெட்ட முடியாத சிறு மரமும், கடக்க முடியாத நீரும், சாலையை மறித்து உறங்கும் பேருயிரும் வழியை அடைத்திருந்தன. இந்தத் தடைகள்தாம் எளிய எதிரியை முதலிலும் வலிய எதிரியைப் பின்னாலும் கொண்டுவந்து நிறுத்தின. அவற்றை அகற்றினால், அவை செய்த வேலையை வேறு ஏதாவது ஒன்று செய்தாக வேண்டும்.

2022 நவம்பரில் வந்த போக்கிமோன் ஸ்கார்லெட், வயலட் விளையாட்டுகளில் இந்தச் சிக்கலைத் தெளிவாகக் காணலாம். தலைவர் ஒருவரோடு மோதிப் பதக்கம் வெல்லும் களமான ஜிம் எதற்கும் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று உலகம் திறந்துவிடப்பட்டது. ஆனால் ஜிம் தலைவர்களின் உயிரிகளுக்குரிய வலிமை நிலைகள் மாறாதவை. வடக்கே மலையேறிப் போன பிள்ளை தோற்றுத் திரும்புகிறது. பிறகு விட்டுப்போன ஜிம்முக்கு வந்தால் அங்கே எதிரி ஒரே அடியில் விழுந்துவிடுகிறது. வரிசை இருக்கத்தான் செய்கிறது, அதைச் சொல்லாமல் மறைத்துவிட்டார்கள் என்பதே என் கருத்து. இதற்கு மாற்றாக, ஆட்டக்காரர் வளர வளர உலகம் முழுவதையும் கூடவே வளர்த்துவிடலாம் என்பார்கள். அப்படிச் செய்தால் வளர்ந்ததன் பயனே தெரியாமல் போகும். சவாலுக்கு அழைக்கும் மனிதர்களின் வலிமையை மட்டும் ஆட்டக்காரர் வென்ற பதக்கங்களின் எண்ணிக்கைக்கேற்ப உயர்த்துங்கள். காட்டுயிரியின் வலிமை அது வாழும் இடத்தைப் பொறுத்து மாறாமல் நிற்கட்டும். வலிய உயிரியைத் தொலைவிலிருந்தே கண்டு, பதுங்கிக் கடந்துபோகும் வழியை 2022 ஜனவரியில் வந்த போக்கிமோன் லெஜெண்ட்ஸ் ஆர்சியஸ் நன்றாகவே காட்டியது. அதைத் தயங்காமல் படித்துக்கொள்ளலாம்.

இனி, தடைகளின் இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பதற்கு வருகிறேன். எண்ணெய்ப் பனையான செம்பனையின் காட்டுக்குள்ளேயே அதற்கான விடை இருக்கிறது. ஆண்பூவின் மகரந்தத்தைத் தொழிலாளர்கள் கையால் தூவி வந்த காலம் ஒன்று இருந்தது. 1981-இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட ஒரு சிறு கூன்வண்டு அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. அவ்வண்டு ஆண்பூக்கதிரில் முட்டையிட்டு, அங்கேயே பெருகுகிறது. எலி, பழத்தைக் கடிப்பதோடு நில்லாமல் அந்தக் கதிரைக் கிழித்து வண்டுப் புழுவையும் தின்கிறது. எலியைத் தின்னக் கூகை ஆந்தை வரவேண்டும் என்பதற்காகத் தோட்டத்தில் கம்பம் நட்டுப் பெட்டி வைக்கிறோம். நாகப்பாம்பு யாரும் அழைக்காமலே வருகிறது. இந்தச் சங்கிலியை அப்படியே விளையாட்டுக்குள் கொண்டுவரலாம். தோட்ட நிலத்தின் கட்டம் (பிளாக்) ஒன்றில் வண்டுகளை அளவுக்கு மீறிப் பிடித்தால் குலைகள் சூம்பிப்போகட்டும். குலை குறைந்தால் எலியும், எலி குறைந்தால் கூகையும் அடுத்த டிவிஷனுக்கு, அதாவது தோட்டத்தின் அடுத்த பிரிவுக்கு, இடம்பெயரட்டும். கூகையைத் தேடும் பிள்ளை, வரைபடத்தில் ஒளிரும் அம்புக்குறியைப் பின்தொடர வேண்டாம். புதிதாகக் கடிபட்ட பழத்தையும், பெட்டிக்கடியில் கூகை கக்கிய எலும்புருண்டையையும் பார்த்துத் தானாகக் கண்டுபிடிக்கட்டும். நாங்கள் வெளிக்காட்டில் அப்படித்தான் கண்டுபிடித்தோம்.

மறுநடவு செய்த கட்டங்களைத் தனியாகக் கவனியுங்கள். வெட்டிச் சாய்த்த பழைய மரங்கள் மக்கும் இடத்தில் காண்டாமிருக வண்டு பெருகி, இரவில் பறந்து, இளங்கன்றின் குருத்தைத் துளைக்கும். பகலில் வெறும் வெளியாகத் தெரியும் இடம் இரவில் ஆபத்தானதாக மாறுவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. சாலையோரத்தில் மஞ்சள் பூச்செடிகளை அழகுக்காக நட்டிருக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பனையோலையை அரித்துப் பைபோல் கூடு கட்டித் தொங்கும் புழுவை அழிக்கும் குளவிகளுக்கு அந்தப் பூக்களின் தேன் உணவாகிறது. ஆட்டக்காரரே செடி நட்டு உயிரிகளை வரவழைக்கும் வசதியை இதிலிருந்து உருவாக்கலாம்.

பால்மரக் காட்டுக்கு, அதாவது ரப்பர்த் தோட்டத்துக்கு, நேரமே வேலி. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் விடியுமுன் வெட்டப் போகிறோம். பட்டை நனைந்திருந்தால் வெட்டுவதில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் இலையுதிர்ந்து காடே வெளிச்சமாகும். விடியலுக்கென்றும், மழைக்கென்றும், இலையுதிர் பருவத்துக்கென்றும் உயிரிகளை அமைத்தால் சிறிய நிலம்கூட ஆண்டு முழுவதும் புதிதாக இருக்கும். ஆனால் உண்மைக் கடிகாரத்தோடு இதைக் கட்டிப்போடாதீர்கள். 1999-இல் வந்த போக்கிமோன் கோல்ட், சில்வர் விளையாட்டுகள் அப்படிச் செய்தன. பள்ளி, டியூஷன் எல்லாம் முடிந்து இரவில் மட்டும் ஆட முடிகிற பிள்ளைக்கு விடியல் உயிரி கிடைப்பது கடினமானது. லயத்து வீட்டில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், படுத்தெழுந்தால் பொழுது மாறட்டும்.

நீங்கள் சிறு குழு என்பதால் கணினியின் சுமையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்கார்லெட், வயலட் வெளிவந்தபோது தொலைவில் நடப்பவர்கள் வெட்டி வெட்டி நகர்ந்ததை எல்லாரும் பார்த்தார்கள். பெரும் நிறுவனத்துக்கே அந்த நிலை. செம்பனைத் தோட்டம் உங்களுக்கு இங்கே கைகொடுக்கும். ஒரு ஹெக்டருக்குச் சுமார் 136 முதல் 148 மரங்கள், முக்கோண அமைப்பில், ஏறக்குறைய ஒரே உருவத்தில் நிற்கின்றன. சில மர உருவங்களை மட்டும் வரைந்து திரும்பத் திரும்ப நட்டாலும் யாரும் குறை சொல்ல முடியாது. நிரையை ஒட்டி நின்றால் நெடுந்தொலைவு தெரியும், ஓரடி விலகினால் மறைந்துவிடும் என்பதால் பதுங்கி வேட்டையாடவும் அது பொருத்தமான இடம். வழி தவறாமலிருக்கக் கட்ட எண் பலகை, தண்ணீர்த் தொட்டி, பழைய புகைக்கூடம், தொலைவில் சுண்ணாம்புக் குன்று ஆகியவை போதும்.

பிடிக்கும் முறையிலும் ஒரு சொல். பந்தை எறிந்து பிடிப்பதை அப்படியே எடுத்தாள வேண்டாம். உயிரிகளைப் பிடிக்கும் மற்றொரு விளையாட்டான பால்வேர்ல்டை உருவாக்கிய பாக்கெட்பேர் நிறுவனத்தின்மீது நிண்டெண்டோவும் போக்கிமோன் நிறுவனமும் 2024 செப்டம்பரில் தோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் காப்புரிமை வழக்குத் தொடுத்தன. நான் வழக்கறிஞன் அல்லன். ஆனால் காண்டாமிருக வண்டுக்கு மணப்பொருள் வைத்து வாளிப்பொறி தொங்கவிடும் ஊரில் இருந்துகொண்டு பந்தைத் தேடுவானேன்? ஒவ்வோர் உயிரிக்கும் அதற்குப் பிடித்ததை வைத்து வரவழைக்கட்டும்.

மனிதர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்று குலை வெட்டுவோரில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களை விட்டுவிட்டுப் பழைய லயத்தை மட்டும் வரைந்தால் அது அருங்காட்சியகம் ஆகிவிடும். தோட்டத்து எல்லையில் நிற்கும் முனீஸ்வரரைப் பிடிக்கத்தக்க உயிரிகளின் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். பிள்ளைகள் கேலியாக எடுத்துக்கொள்ளாவிட்டாலும், படையல் போடுகிறவர்களின் மனம் புண்படும்.

முதல் மாதிரிக்கு ஒரே ஒரு டிவிஷன், முப்பது உயிரிகள், ஒரு பால்மரக் கட்டம், ஒரு மறுநடவுக் கட்டம், ஓர் ஆற்றோரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் சிலரிடம் விளக்கம் எதுவும் சொல்லாமல் கொடுத்து, கூகையை அவர்கள் எப்படித் தேடுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வரைவதற்கு முன் வெளிக்காட்டை நேரில் பார்க்க விரும்பினால், நிர்வாகத்தின் அனுமதியோடு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு நேரத்துக்கு வாருங்கள். கூட்டிப்போக நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட்டிலிருந்து ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி ஒருவர்