குளத்தைத் தோண்டுவதற்கு முன்: திருகோணமலை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

காலநிலை மாற்றத்துக்கு ஈடுகொடுக்கும் அபிவிருத்தி என்ற தலைப்பின்கீழ் குளப் புனரமைப்பு பேசப்படுவது நல்ல செய்தியே. ஆனால் அந்தப் புனரமைப்பு எப்படி நடக்கிறது என்பதை ஒரு குளத்தை வைத்தே சொல்ல விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்ச் சிறுகுளத்தில் பெக்கோ இறங்கியது. குளக்கட்டை அண்டிய பகுதியை ஓர் ஆள் உயரத்துக்கு மேல் தோண்டி, மண்ணை டிப்பரில் ஏற்றிப் போனார்கள். அடுத்த மாரியில் குளம் நிரம்பியபோது எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். மழை குறைந்த சிறுபோகத்தில்தான் விஷயம் விளங்கியது: துருசின், அதாவது வயலுக்கு நீர் திறந்துவிடும் மதகின், அடிமட்டத்துக்குக் கீழே கிடந்த நீரில் ஒரு சொட்டும் வயலுக்குப் பாயவில்லை. மாடுகள் குடித்தன, அதைக் குறையென்று சொல்லமாட்டேன். மிச்சத்தைக் கச்சான் காற்றும் வெயிலும் கொண்டுபோயின. துருசு மட்டத்துக்கு மேலே, அலைகரை எனப்படும், கட்டுக்கு எதிர்ப்புற ஆழமற்ற ஓரமாக வண்டலை அகற்றியிருந்தால் தேங்கும் நீர் வேளாண்மைக்கு உதவியிருக்கும்.

வறண்ட வலயத்துச் சிறுகுளங்கள் பெரும்பாலும் தனித்து வெட்டப்பட்டவை அல்ல. மேற்குளம் நிரம்பி வான் என்ற கலிங்கு வழியே வழியும் நீரும் அதன் வயல்களில் வடியும் நீரும் கீழ்க்குளத்துக்கு வரத்தாகின்றன. எல்லங்கா எனப்படும் இந்தத் தொடர்முறையை ஐக்கிய நாடுகள் உணவு விவசாய அமைப்பு 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக ஏற்றது. நமது நிர்வாகமோ, 80 ஹெக்டேயருக்குக் குறைவாகப் பாசனம் செய்யும் குளத்தைக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடமும், பெரியதை நீர்ப்பாசனத் திணைக்களங்களிடமும், நீரேந்து காட்டை வேறொரு திணைக்களத்திடமும் ஒப்படைத்து, ஒரே நீரை மூன்று கோப்புகளாக்கி வைத்திருக்கிறது. மேலே ஒருவர் கட்டை உயர்த்தினால் கீழே வரத்து குறைகிறது. மேலே கட்டு உடைந்தால் கீழுள்ள கட்டுகளும் தாங்குவதில்லை.

குளக்கட்டுகள் உடைவதற்கான எல்லாப் பழியையும் மழையின்மீது போடவும் முடியாது. நமது மாவட்டத்துக் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது 1986 ஏப்ரல் 20 அதிகாலையில், வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த பிறகு.

ஆகவே, நிதியைக் குளத்துக்குக் குளம் பங்கிடாமல் ஒரு தொடர் முழுவதற்குமாக ஒதுக்குங்கள். துருசு மட்டம் குறிக்கப்படாத எந்தத் தோண்டல் மதிப்பீட்டுக்கும் அனுமதி தராதீர்கள். வேலை முடிந்ததென்று கமக்காரர் அமைப்பு கையொப்பமிடும் முன் ஒரு போகம் நீர் பாய்ச்சிப் பார்க்க இடம்கொடுங்கள். அதற்கு முதற்படியாக, ஐப்பசி மழை தொடங்குமுன் ஏதாவதொரு குளத்தொடரை மேலிருந்து கீழ்வரை எங்களோடு நடந்து பார்க்க மூன்று தரப்பு அதிகாரிகளையும் ஒரே நாளில் அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
குச்சவெளிப் பகுதிக் கமக்காரர் ஒருவர்