லாடம் தேயவே இல்லையே என்று கேட்டிருந்தாய்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. கண் புரைக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் தாமதம். இப்போது எழுத்து பளிச்சென்று தெரிகிறது. என் கையெழுத்து எவ்வளவு மோசம் என்பதும் சேர்ந்தே தெரிகிறது.

ஓய்வு பெற்ற கையோடு குதிரை வாங்கியிருக்கிறாய். வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதை மட்டும் சாமர்த்தியமாக எழுதாமல் விட்டுவிட்டாய். சரி, நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

லாடம் அடித்து ஏழு வாரம்தான் ஆகிறது, இரும்பு புதுசு மாதிரியே இருக்கிறது, அதற்குள் லாடக்காரர் "வரட்டுமா" என்கிறார், வேலை பிடிக்கப் பார்க்கிறாரோ என்று சந்தேகப்பட்டிருந்தாய். பாவம் அந்த மனிதர். இரும்பு தேய்ந்ததா என்பது இங்கே கேள்வியே இல்லை. குளம்பு நம் நகம் மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும், மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை. வெறுங்காலோடு திரியும் குதிரைக்குத் தரையே அதைத் தேய்த்துவிடும். லாடம் அடித்துவிட்டால் தரையில் உரசித் தேய வழியில்லை. அதனால்தான் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, வளர்ந்ததைச் சீவி, அரம் போட்டுச் சமப்படுத்தி மறுபடி அடிக்கிறார்கள். இரும்பு நன்றாக இருந்தால் அதே லாடத்தையே திரும்ப அடிக்கலாம். அதை அவரே சொல்வார்.

நானும் உன்னைப் போலத்தான் கணக்குப் போட்டேன். என் முதல் குதிரை, அந்தச் செம்பழுப்பு நிறத்தது, உனக்கு நினைவிருக்கும். இரும்பு திடமாக இருக்கிறதே என்று பத்து வாரம் இழுத்தேன். ஒருநாள் காலை நடத்திக்கொண்டு போகும்போது முன்னங்காலில் ஒன்று மட்டும் வேறு மாதிரி சத்தம் கொடுத்தது. மூன்று கால் 'டொக்' என்றால் அது 'சடக்' என்றது. கவனித்தும் கவனிக்காத மாதிரி நடந்தேன். கொஞ்ச தூரத்தில் பின்னங்கால் முன்னங்கால் லாடத்தின் விளிம்பை மிதித்துவிட்டது. லாடம் பிய்ந்து வந்தது, கூடவே குளம்பின் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துண்டும் வந்தது. ஆணி அடிக்க அந்தப் பக்கம் இடமே இல்லை. வளரட்டும் என்று மாதக்கணக்காகச் சவாரியை நிறுத்திவைத்தேன்.

லாடக்காரர் வந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. கழன்ற லாடத்தை எடுத்து, குளம்போடு ஒட்டியிருக்கும் மேல்பக்கத்தைக் காட்டினார். பின்பக்க முனைகள் இரண்டிலும் விரல் நுனி படிகிற அளவுக்குப் பளபளவென்று ஒரு குழி. "கீழே தேயவில்லை என்றீர்களே, மேலே பாருங்கள்" என்றார்.

விஷயம் இதுதான். குதிரை எடை போட்டு ஊன்றும் ஒவ்வொரு தடவையும் குளம்பின் பின்பகுதி லேசாக விரிந்து சுருங்கும். அது இரும்பின்மேல் உரசி உரசித் தேய்கிறது. முன்பகுதி ஆணியில் பிடிபட்டிருப்பதால் அசையாது, தேயாது, வளர்ந்து நீண்டுகொண்டே போகும். நாள் ஆக ஆக முன்னால் நீளம், பின்னால் பள்ளம். மூக்கு நீண்ட, குதி தேய்ந்த செருப்போடு நாளெல்லாம் நடந்தால் நமக்குக் கெண்டைக்கால் எப்படி இழுக்கும்? அதே கதைதான். காலின் பின்னால் ஓடும் தசைநாணும், குளம்புக்குள் அது வளைந்து செல்லும் இடத்திலுள்ள சின்ன எலும்பும் அடி வாங்கும். லாடம் விழுந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இது தெரியாமலே நடக்கும். என்னைக் கேட்டால் லாடம் விழுவதைவிட இதுதான் மோசம்.

ஐந்தாவது வாரத்திலிருந்தே கட்டைவிரலால் குளம்பின் வெளிப்பக்கத்தைத் தடவிப் பார். ஆணியின் நுனியை மடித்து அரம் போட்டிருப்பார்கள். அது கைக்கே தெரியக்கூடாது. நெருடினால், துணியின் நூல் மாட்டினால், மடிப்பு எழும்புகிறது என்று அர்த்தம். குளம்பின் ஓரம் இரும்பைத் தாண்டி வழிகிற மாதிரி இருந்தாலும் நாள் வந்துவிட்டது. தரை ஈரமும் வறட்சியுமாக மாறி மாறி இருக்கும் நாட்களில் ஆணித் துளைகள் சீக்கிரம் தளர்ந்துவிடும், அப்போது இன்னும் கவனம்.

எல்லாக் குதிரைக்கும் ஒரே கணக்கு கிடையாது. பந்தயக் குதிரைக்கு ஏறக்குறைய 4 வாரத்துக்கே மாற்றுவார்கள். குட்டிக்கு லாடம் வேண்டாம், ஆனால் பிறந்த ஒன்றிரண்டு மாதத்திலிருந்தே மாதாமாதம் சீவிப் பார்க்க வேண்டும். கால் கோணலைத் திருத்த அந்த வயதை விட்டால் கஷ்டம். குளம்புக்குள் அழற்சி வந்த குதிரைக்கும் இடைவெளியைக் குறைக்க வேண்டும். குளிர்காலத்தில் வளர்ச்சி கொஞ்சம் மந்தம், அதை நம்பி ரொம்ப இழுக்காதே.

உன் குதிரை மெத்தென்ற தரையில் லேசாகத்தான் நடக்கிறது என்றால் லாடமே வேண்டுமா என்று அவரையே கேள். வெறுங்காலாக விட்டாலும் சீவுவதற்கு 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை அவர் வரத்தான் வேண்டும், அதில் தப்பிக்க முடியாது.

அப்புறம், அவர் லாடத்தைச் சூடாகவே வைத்துப் பொருத்துகிறவர் என்றால் குபீரென்று புகை கிளம்பி முடி கருகிய நாற்றம் வரும். முதல் தடவை எனக்கு முகம் வெளுத்துவிட்டது. குதிரை பாட்டுக்குப் புல்லை மென்றுகொண்டிருந்தது. வெளிக் குளம்பில் நரம்பு இல்லை, வலிக்காது. நீ செய்ய வேண்டியது, தினமும் கால் தூக்கிக் கொடுக்கப் பழக்குவதுதான். குனிந்தே வேலை செய்கிறவர், அவர் முதுகையும் யோசி. கிளம்புமுன் அடுத்த தேதியையும் பேசிவிடு.

எங்கள் வீட்டில் எல்லோரும் நலம். மகள் வேலை மாறிவிட்டாள், விவரம் அடுத்த கடிதத்தில்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்

பி.கு: உறையை ஒட்டும்போதுதான் உறைத்தது. நீ எழுதியபோது ஏழு வாரம். கடிதம் என்னிடம் பதினைந்து நாள் கிடந்தது. இது உன் கைக்கு வரும்போது ஒன்பது தாண்டியிருக்கும். மீதியை அப்புறம் படி, முதலில் அவருக்கு போன் போடு.